மீட்டர் மாற்ற ஆள் வருகிறார்கள்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எலக்ட்ரிஷியன். ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் முதலில் நலம் விசாரிப்பார்கள், அப்புறம் வீட்டுக் கரண்ட் மீட்டரை ஸ்மார்ட் மீட்டராக மாற்றுவதைப் பற்றித்தான் கேட்பார்கள். புரட்டாசிச் சாப்பாட்டுப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கேட்டார். ஒரே பதிலை நாற்பது தடவை சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. சட்டம் பற்றிய பகுதிகளைப் பொதுத் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்; உங்கள் வழக்குக்கு வக்கீலைப் பாருங்கள்.

“எங்கள் வீட்டில் ஏற்கெனவே பிரிபெய்டு இருக்கிறதே. இந்த ஸ்மார்ட் மீட்டரும் அதுதானே?”

இல்லை. பழைய பிரிபெய்டு மீட்டருக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. கடையிலோ போனிலோ பணம் கட்டினால் 20 இலக்க டோக்கன் வருகிறது. அதைக் கீபேடில் அழுத்துவது நீங்கள். இந்த மீட்டருக்கு இத்தனை யூனிட் என்ற தகவல் அந்த எண்ணுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மீட்டர் அதைத் திறந்து படித்துக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். இந்த டோக்கன் முறை 1990-களில் இந்த நாட்டிலேயே உருவாகி உலகெங்கும் பரவியது. இப்படிப்பட்ட மீட்டர் செய்யும் கான்லாக் நம் டர்பன் கம்பெனிதான்.

ஸ்மார்ட் மீட்டருக்குள் ஒரு சிம் கார்டோ சின்ன ரேடியோவோ இருக்கும். சிலவற்றில் கரண்ட் கம்பி வழியாகவே செய்தி போகும். எவ்வளவு ஓடியது என்று மின்சாரம் கொடுப்பவரிடம் அது தானாகவே சொல்லிவிடும். அங்கிருந்து வரும் கட்டளையையும் கேட்கும். உள்ளே ரிலே என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. பழைய பிரிபெய்டிலும் அது உண்டு. யூனிட் தீர்ந்ததும் ‘டக்’ என்று விழுவது அதுதான். புதியதில் அதை எங்கோ உட்கார்ந்துகொண்டும் தட்டலாம். கீழே நான் திரும்பத் திரும்ப வரப்போவது அந்தச் சுவிட்சுக்குத்தான்.

“2024-இல் இரண்டு நீள நம்பர் போடச் சொன்னார்களே, அப்போதே நம் மீட்டரை ஸ்மார்ட் ஆக்கிவிட்டார்களா?”

இல்லை, அது வேறு சங்கதி. ஒவ்வொரு டோக்கனுக்குள்ளும் அது வாங்கப்பட்ட நேரம் இருக்கிறது. ஒரே டோக்கனை இரண்டு தடவை போட முடியாமல் இருப்பதற்காக. அந்த நேரத்தை 1993 ஜனவரி 1-லிருந்து நிமிடம் நிமிடமாக எண்ணினார்கள். எண்ணுவதற்கு ஒதுக்கிய இடம் ஒரு கோடியே 67 லட்சம் நிமிடத்துக்குத்தான் காணும். அது 2024 நவம்பர் 24-இல் நிறைந்துவிட்டது. அதனால்தான், டோக்கனைத் திறந்து படிக்க மீட்டருக்குள் இருக்கும் ரகசியச் சாவியை அந்த இரண்டு நம்பரால் மாற்றச் சொன்னார்கள். இதற்கு வேறு உள்நோக்கம் கிடையாது.

என் அத்தை அந்தச் சீட்டைக் கீபேடுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, நாலு எண்ணுக்கு ஒரு கோடு என்று பென்சிலால் பிரித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி அழுத்தினார். இரண்டாவது நம்பரை முதலில் போட்டுவிட்டார். மீட்டர் ஏற்கவில்லை. “பார்த்தியா, என் குரல் அவனுக்குத் தெரிஞ்சிருச்சு” என்றார். வரிசையை மாற்றிப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. அத்தைக்குச் சந்தேகம் மட்டும் போகவில்லை.

“ரேடியேஷன் வருமாமே? மீட்டர் இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குழந்தை தூங்குகிறது.”

வரும், கைபேசியிலிருந்து வருவது போலத்தான். அளவைப் பாருங்கள். மீட்டர் ஒரு வாட் சக்தியில் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.009 வாட் உங்கள்மீது விழும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பொதுமக்களுக்குச் சர்வதேச வழிகாட்டி அனுமதிக்கும் அளவு 4.5 வாட். அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. அதுவும் மீட்டர் பேசுகிற நேரத்தில் மட்டும். அது நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதில்லை. கிட்டே போனால் அளவு கூடும், ஆனால் மீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாரும் தூங்குவதில்லை. கைபேசியை அப்படித்தான் வைத்துக்கொள்கிறோம்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லையா, கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்துங்கள். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நான்கில் ஒன்றாகிவிடும். காசு செலவில்லாத வைத்தியம்.

“உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரலாம் என்று சொல்லியிருக்கிறதே?”

அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2011 மே மாதம் ரேடியோ அலைகளை ‘2பி’ வகையில் வைத்தது உண்மை. ‘வாய்ப்பு இருக்கலாம், சான்று போதாது’ என்பது அந்த வகையின் பொருள். அப்போது அவர்கள் முக்கியமாகப் பார்த்தது காதோடு ஒட்டி வைக்கும் கைபேசியை. மீட்டர் விற்பவர் ‘நூற்றுக்கு நூறு பாதுகாப்பு’ என்றாலும் நம்பாதீர்கள், எதிர்க்கிறவர் ‘விஷப்பெட்டி’ என்றாலும் நம்பாதீர்கள்.

“மீட்டர் வைத்த நாளிலிருந்து எனக்குத் தலைவலி. பொய்யா சொல்கிறேன்?”

பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் இப்படிப்பட்டவர்களைப் பற்றித் தனியாகவே எழுதியது: உபாதை நிஜம், ஆனால் அதற்குக் காரணம் இந்த அலைகள்தான் என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. ஆகவே மீட்டர்மேல் பழியைப் போட்டுவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

“வெளிநாட்டில் எல்லாம் மக்கள் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்களாமே?”

சில இடங்களில் வழி கிடைத்தது. நெதர்லாந்தில் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று வந்த சட்டம் 2009-இல் மேலவையில் நின்றுபோனது. காரணம் ரேடியேஷன் இல்லை, அந்தரங்கம். கலிஃபோர்னியாவில் 2012-இல், வேண்டாம் என்பவர்கள் பழைய மீட்டரையே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஆனால் முதலில் 75 டாலர், பிறகு மாதம் 10 டாலர் கட்ட வேண்டியிருந்தது. மறுக்கும் உரிமைக்கும் விலை போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் நேப்பர்வில் என்ற ஊர் மக்கள் போட்ட வழக்கில், 15 நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டின் கணக்கை எடுப்பது ‘சோதனை’க்குச் சமம்தான் என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அது நியாயமான சோதனை என்றும் சொல்லிவிட்டது.

பிரான்ஸில் 2015 கடைசியிலிருந்து பச்சை நிற லிங்க்கி மீட்டர் வந்தபோது பல ஊர்கள் முரண்டு பிடித்தன. அது ரேடியோ மீட்டர்கூட இல்லை, கம்பி வழியாகப் பேசுவது.

“நாமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?”

எழுதலாம். ஆனால் கலிஃபோர்னியா மாதிரி மறுப்புக்கென்று ஒரு படிவம் இங்கே கிடையாது. மீட்டர் உங்கள் வீட்டுச் சுவரில் இருந்தாலும் மின்சாரம் கொடுப்பவரின் சொத்து. மாதம் 1,000 யூனிட்டுக்கு மேல் எடுக்கும் வீடுகளுக்கு 2012 ஜனவரி 1-க்குள் ஸ்மார்ட் முறை வர வேண்டும் என்று 2008-லேயே விதி போட்டுவிட்டார்கள். பெரும்பாலான ஊர்களில் அது தாளோடு நின்றது. இப்போது வேகம் பிடித்ததற்குக் காரணம் பணம். நகராட்சிகள் அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்துவிட 2023-இல் தேசியக் கருவூலம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வசூலைச் சரிசெய்ய பிரிபெய்டு மீட்டர் போடுவதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று.

அதனால் ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதிக் கொடுத்தால் பயன் குறைவு. ‘எந்த நிபந்தனையில்’ என்று கேட்டு எழுதுவதற்குத்தான் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். எப்படி என்று கடைசிக்கு முந்தின கேள்வியில் சொல்கிறேன்.

“கேட்டைப் பூட்டிவிட்டு நாயை அவிழ்த்துவிட்டால்?”

நாய்க்கு நல்லது, உங்களுக்கு இல்லை. 2000-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டத்தில் 101-ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது: மீட்டரைப் படிக்க, சோதிக்க, பொருத்த, பழுதுபார்க்க வரும் அதிகாரம் பெற்ற ஆளை நியாயமான நேரத்தில் உள்ளே விட வேண்டும்.

‘அதிகாரம் பெற்ற’, ‘நியாயமான நேரம்’ என்ற இரண்டையும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் வேலை உத்தரவும் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவருக்குக் கேட்டைத் திறக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் சீருடை போட்டுக்கொண்டு வருகிற எல்லாரும் மீட்டர் மாற்ற வருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

“பில் கூடுமா?”

மீட்டர் சரியாக இருந்தால் யூனிட் கூடாது. பழைய சக்கர மீட்டர் தேய்ந்து மெதுவாக ஓடியிருந்தால் இப்போது உண்மையான அளவு தெரியும், அதுதான் கூடின மாதிரி இருக்கும். மாதாமாதம் உத்தேசமாகப் போட்ட பில் வந்துகொண்டிருந்த வீடுகளுக்குக் குறையவும் கூடும்.

கட்டண விதி மாறுவது வேறு விஷயம், அதில் கவனம் வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் பிரிபெய்டுக்காரர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து மாதம் 200 ராண்ட், வரியோடு 230 ராண்ட் நிலைக்கட்டணம் வந்தது. மாதத்தின் முதல் டோக்கனிலேயே அது பிடிபட்டபோது மக்கள் கொதித்தார்கள். மீட்டர் மாற்றும்போது ‘என் கட்டண வகையும் மாறுகிறதா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய பாக்கி இருந்தால், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு டோக்கனிலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளவும் முடியும். 100 ராண்ட் கட்டி 60 ராண்டுக்குத்தான் யூனிட் வருகிறது என்றால் மீட்டர் கோளாறு என்று என்னைக் கூப்பிடாதீர்கள், பாக்கிக் கணக்கைப் பாருங்கள்.

“உட்கார்ந்த இடத்திலிருந்தே நம் கரண்டை நிறுத்திவிடுவார்களா?”

முடியும். எனக்கு உண்மையான கவலை இதுதான். ரேடியேஷன் பற்றி நூறு பேர் கேட்டால் இதைக் கேட்பவர் இரண்டு பேர்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் சாட்ஸ்வொர்த்தின் பேவியூ, வெஸ்ட்கிளிஃப் ஃபிளாட்டுகளில் நடந்ததை அங்கே இருந்தவர்கள் மறக்கவில்லை. வாடகைப் பாக்கிக்கு வெளியேற்றம், தண்ணீர் நிறுத்தம், கரண்ட் நிறுத்தம். சமூகப் போராளி ஃபாத்திமா மீர் தலைமையில் மக்கள் ஒன்றுசேர்ந்தார்கள். அப்போது கரண்டை நிறுத்த வேன் வர வேண்டும், ஏணி வர வேண்டும், ஓர் ஆள் இறங்கி வர வேண்டும். படிக்கட்டில் ஆயாக்கள் உட்கார்ந்துவிட்டால் அவன் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். கெஞ்சலாம், சண்டை போடலாம், உள்ளே கைக்குழந்தை இருக்கிறது என்று காட்டலாம். தூரத்துச் சுவிட்ச் வந்தபின் யார் முன்னால் போய் உட்காருவது? படிக்கட்டுக்கு யாருமே வரப்போவதில்லை.

சட்டம் இன்னும் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் எனர்டேல் மேன்ஷன்ஸ் குடியிருப்பில் 2008-இல் முன்னறிவிப்பில்லாமல் கரண்டை வெட்டினார்கள். வாடகையோடு கரண்ட் காசையும் ஒழுங்காகக் கொடுத்துவந்தவர்கள் குடியிருந்தவர்கள். கட்டாமல் விட்டவர் வீட்டுக்காரர். குடியிருப்பவருக்கும் 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்த்தது. சுவிட்ச் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் அந்த 14 நாள் மாறாது. பில்லில் ஒரு குறிப்பிட்ட தொகையை மறுத்து எழுத்தில் புகார் கொடுத்தால், அது தீரும்வரை அந்தத் தொகைக்காக உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்பது நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 102-ஆம் பிரிவு. ‘பில் அநியாயம்’ என்று எழுதினால் செல்லாது. ‘மார்ச் மாதத்தில் இந்த 1,840 ராண்ட் தவறு’ என்று எழுத வேண்டும்.

“லோட்ஷெடிங் என்று முறைவைத்துக் கரண்டை நிறுத்துவதற்குப் பதிலாக இது நல்லதுதானே? முழுக்கப் போகாமல் கொஞ்சம் இருக்குமே?”

நல்ல கேள்வி, இதில் எனக்கும் இரண்டு மனசு. 2023-இல் ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்வேஸ் பகுதியில் எஸ்காம் சோதித்துப் பார்த்தது. பற்றாக்குறை கடுமையாக இல்லாத கட்டங்களில் கரண்டை நிறுத்துவதற்குப் பதில் வீட்டுக்கு 10 ஆம்பியர் மட்டும் விடுவது அந்தத் திட்டம். 230 வோல்ட்டைப் பத்தால் பெருக்கினால் 2,300 வாட். விளக்கு, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடும். 3,000 வாட் கீசர் ஓடாது. கெட்டில் போட்டால் மற்றதைக் கொஞ்சம் அணைக்க வேண்டும். மீறினால் மீட்டர் எச்சரித்துவிட்டு நிறுத்திவிடும்.

இருட்டில் உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பத்து ஆம்பியர் என்று முடிவு செய்பவர் நாளைக்கு ஐந்து என்றும் சொல்லலாம், பாக்கிக்காரருக்கு மட்டும் என்றும் சொல்லலாம். வசதி கொடுப்பதும் அதே சுவிட்ச்தான்.

“நாம் வீட்டில் இருக்கிறோமா இல்லையா என்று தெரிந்துவிடுமா?”

அரை மணிக்கு ஒரு கணக்கு எடுத்தால் தெரியும். விடியற்காலை நாலரைக்குக் கீசர், ஆறரைக்கு அடுப்பு, எட்டுக்கு மேல் ஃபிரிட்ஜ் மட்டும். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போனீர்கள் என்றால் அன்றைக்கு வரைபடத்தில் கோடு தரையோடு படுத்திருக்கும். திருடனுக்கு அது பஞ்சாங்கம்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது, 2021 ஜூலையிலிருந்து கட்டாயமாக அமலில் இருக்கிறது. என்ன காரணத்துக்காக எடுத்தார்களோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். உங்களைப் பற்றி வைத்திருப்பதைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நகராட்சி நேரடியாக வைத்திருந்தால் கேட்கும் வழி ஒரு மாதிரி, தனியார் கான்ட்ராக்டர் வைத்திருந்தால் இன்னொரு மாதிரி. யாரிடம் இருக்கிறது என்று கேட்பதுதான் முதல் வேலை.

“சோவெட்டோக்காரர்கள் மீட்டரைப் பிடுங்கி எறிந்தார்கள். நமக்கு ஏன் அந்தத் தைரியம் இல்லை?”

ஜோகன்னஸ்பர்க்கின் சோவெட்டோ பகுதி மக்களின் கதையை முழுசாகக் கேளுங்கள். 2000-இல் தொடங்கிய சோவெட்டோ மின்சார நெருக்கடிக் குழு, இணைப்பை வெட்டிய வீடுகளுக்குத் தானே கரண்ட் கொடுத்தது. அந்த இயக்கத்துக்கு ‘கன்யிசா’ என்று பெயர். சூலு மொழியில் ‘விளக்கேற்று’. வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு கரண்ட் திருட்டுக்கு எதிராக எஸ்காம் தொடங்கிய பிரச்சாரத்துக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள். 2003-இல் எஸ்காம் சோவெட்டோவின் பாக்கியில் நூறு கோடி ராண்டுக்கு மேல் தள்ளுபடி செய்தது.

தண்ணீருக்கு வந்த பிரிபெய்டு மீட்டரை எதிர்த்து சோவெட்டோவின் ஃபிரி பகுதி மக்கள் நீதிமன்றம் போனார்கள், லிண்டிவே மசிபுகோ என்ற அம்மாள் பெயரில். 2008-இல் உயர் நீதிமன்றம் மீட்டரே சட்டவிரோதம் என்றது. 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது: மாதம் 6,000 லிட்டர் இலவசம் போதும், மீட்டரும் செல்லும். அந்த அம்மாள் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லை. ஆனால் வழக்கு நடந்த வருடங்களில் நகராட்சி தன் திட்டத்தைப் பலமுறை திருத்தி, ஏழைகளுக்கு அளவைக் கூட்ட வேண்டி வந்தது. வழக்கினால் வந்த பலன் அது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

நம்மிடம் தைரியம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் சாட்ஸ்வொர்த்தில் ஃபிளாட்டில் இருந்த ஒரு தாய், தண்ணீரை வெட்டியதற்காக வழக்குப் போட்டார், சோவெட்டோ வழக்குக்கு வெகு முன்னால். தோற்றார்தான். ஆனால் அவர்தான் முதலில் போனார்.

“ஒருவர் வந்தார், 800 ராண்ட் கொடுத்தால் மீட்டருக்குப் பின்னால் ஒயர் போட்டுத் தருகிறேன் என்கிறார்.”

வேண்டாம். இதில் எனக்கு இரண்டு மனசு கிடையாது. மீட்டரைத் தாண்டி இழுத்த ஒயர் சூடேறிக் கருகியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மரப் பலகை முழுக்கக் கரி. பிடிபட்டால் எஸ்காம் பகுதிகளில் அபராதம் 6,000 ராண்டுக்கு மேல். ஸ்மார்ட் மீட்டர் மூடியைத் திறந்ததையும் சொல்லிவிடும். தீ பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். அந்த 800 ராண்ட்காரரை அப்போது போனில் பிடிக்க முடியாது.

“நான் பின்வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்திருக்கிறார்.”

அது நகராட்சி மீட்டர் இல்லை, கிளை மீட்டர். டோக்கன் விற்பது ஒரு தனியார் கம்பெனியாக இருக்கும், சேவைக் கட்டணம் என்று ஒன்று பிடிப்பார்கள். ஒரு யூனிட் என்ன விலைக்கு வருகிறது என்று கணக்குப் போட்டு வீட்டுக்காரரின் பில்லோடு ஒப்பிடுங்கள். முன்னறிவிப்புக்கு எனர்டேல் தீர்ப்பு உங்களைப் போன்றவர்களுக்காக வந்ததுதான்.

“சோலார் போட்டிருக்கிறேன். புது மீட்டர் அதைக் கெடுக்குமா?”

பழையதுதான் கெடுக்கும். பல பிரிபெய்டு மீட்டர்கள் கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் செலவு என்றே எண்ணும், அல்லது யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று நின்றுவிடும். வெளியே தள்ளும் மின்சாரத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் எண்ணும் மீட்டர் வேண்டும், நகராட்சியில் பதிவும் வேண்டும். சோலார்க்காரர்களுக்கு இந்த மீட்டர் வேண்டியதுதான்.

“சரி, எங்கள் தெருவே சேர்ந்து எதிர்க்க நினைக்கிறது. என்ன எழுத வேண்டும்?”

முப்பது வீட்டுக் கையெழுத்தோடு ஒரே கடிதம். அதில் ரேடியேஷனை எழுதாதீர்கள். அதற்கு அச்சடித்த பதில் தயாராக இருக்கும், அதை அனுப்பிவிட்டு மற்றதைத் தாண்டிவிடுவார்கள். கேட்க வேண்டியவை: தூரத்திலிருந்து நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, எத்தனை பேருக்கு? நிறுத்துமுன் முன்னறிவிப்பு எப்படி வரும், எஸ்எம்எஸ் மட்டுமா, தாளிலும் உண்டா? ஆக்சிஜன் மெஷினில் இருக்கும் நோயாளி வீட்டை எப்படிக் குறித்து வைப்பார்கள்? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு எடுக்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? மீட்டர்மேல் சந்தேகம் வந்தால் யார் சோதிப்பது, செலவு யாருடையது?

கடிதத்தோடு தகவல் பெறும் சட்டத்தின்கீழ் படிவமும் சேர்த்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மீட்டர் துல்லியமாகவும் சரிபார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த எண்ணையும் கடிதத்தில் போடுங்கள். வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல். தீரவில்லை என்றால் மின்சார ஒழுங்குமுறை அமைப்பான நெர்சாவிடம் புகார்.

“அதற்கெல்லாம் நேரம் இல்லை அண்ணா. நாளைக்குக் காலையில் வருகிறார்கள்.”

அப்படியென்றால் இன்று ராத்திரியே போனை எடுத்துக்கொண்டு மீட்டரிடம் போங்கள். மீட்டர் எண், ஓடியிருக்கும் யூனிட், மீதி யூனிட் மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். நாளைக்கு வரும் ஆளின் அட்டையையும் படம் எடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். புது மீட்டரின் எண்ணையும் தொடக்கக் கணக்கையும் எழுதி வாங்குங்கள். பழையதில் 43 யூனிட் மீதி இருந்தால் அந்த 43-க்கு டோக்கன் கேளுங்கள். அது வந்து கீபேடில் ஏறி, ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டபிறகு அவருடைய தாளில் கையெழுத்துப் போடுங்கள்.